மூன்று சுற்றுத் திருகு

வாத்தியப் பெட்டியின் முதல் கொக்கியை நீக்கிவிட்டாள் லேத்துக்காரி. இரண்டாவது கொக்கிக்குக் கை போக மாட்டேன் என்றது.

"என்னம்மா, கொக்கி மக்கர் பண்ணுதா?" வாசற்படியில் நின்றபடியே கேட்டார் பேண்டு மாஸ்டர்.

"அதெல்லாம் இல்ல மாஸ்டர். நீங்க போங்க. நான் பூட்டி வெக்கறேன்."

"மூணு மணிக்கு வண்டி வந்துடும். அதுக்குள்ள பாப்பா ஒரு தடவ ஊதிப் பாத்துக்கட்டும். அவங்கப்பன் வாத்தியம் அவனை மாதிரியேதான், லேசுல சொன்ன பேச்சுக் கேக்காது." சொல்லிவிட்டு மாஸ்டர் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

கூடத்தில் அவள் அண்ணன் கிடந்தான். நேற்று மத்தியானம் வரைக்கும் ஒவ்வொரு மூச்சையும் மலையேறுகிறவன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தவன், இரண்டு மணிக்கு அதை விட்டுவிட்டான். இப்போது அவனைச் சுற்றி நாற்காலிகளில் உறவுக்காரர்கள், சுவரோரமாக பேண்டுக்காரர்கள். இடுகாட்டில் குழிக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு பாட்டு வாசிப்பது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அண்ணனின் டூபாவை அவன் மகள் ஊதுவாள். அதைப் பூட்டிக் கொடுக்க வேண்டியவள் லேத்துக்காரி. அந்த டூபாவின் உதிரிகளில் முக்கால்வாசி அவள் கடைந்தவை. எது எதில் பொருந்தும் என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருத்தன் கூடத்தில் கிடக்கிறான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பிணத்தைப் பார்த்து வந்த பயமில்லை. அண்ணனின் நெற்றியைக் காலையில் தொட்டுத் தடவிவிட்டுத்தான் வந்திருந்தாள். பெட்டிக்குள் இருப்பதை நினைத்து வந்த பயம்.

டூபாவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மடியில் வைத்து ஊதுகிற பித்தளை வாத்தியம் அது. அதன் குழாய்களையெல்லாம் நிமிர்த்தி நீட்டினால் தெருவாசலில் தொடங்கி அடுப்படி வரைக்கும் போகும். மேலே விரிந்திருக்கும் வாயில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஊரில் மற்றவர்கள் கடையில் வாங்கியதை வாங்கியபடி ஊதிக்கொண்டிருக்க, அண்ணனுக்கு மட்டும் அது போதவில்லை. அரங்கத்தில் வாசிக்க மேல்நோக்கிய வாய், தெருவில் வாசிக்க முன்பக்கம் வளைந்த வாய், இரண்டையும் கழற்றி மாட்டும்படி வேண்டும் என்றான். உதடு வைக்கிற மவுத்பீஸ் நாலு. அந்த மவுத்பீஸிலிருந்து, விரலால் அழுத்துகிற வால்வு வரைக்கும் காற்றைக் கொண்டுபோகிற முதல் குழாய், அதை முன்குழாய் என்பான், அதில் மூன்று. குறுகலானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, மூன்றாவது ஒன்று. "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு இந்த ஆளு ஒரு குழாய்க் கடையைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கையிடம் அவன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "மூணு சுத்துல கழலணும், மூணு சுத்துல பூட்டணும். ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஜனங்க கை தட்டற நேரம்தான் எனக்கு இருக்கு. அவங்க கை ஓயறதுக்குள்ள நான் வேற ஆளா ஆயிடணும்."

அப்படியே செய்து கொடுத்தாள். பட்டறையில் வேலை முடிந்தபின் லேத் என்கிற கடைசல் எந்திரத்தின் முன்னால் நின்று, ஒவ்வொரு உதிரிக்கும் மூன்றே சுற்றில் அடங்குகிற திருகு வெட்டினாள். அவள் விரல்களுக்கு அந்த மூன்று சுற்று, சொந்தக் கையெழுத்து மாதிரி.

மூன்றாவது முன்குழாயில்தான் வினை வந்தது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் பழைய பித்தளைக் குவியலில், நசுங்கிப்போன ஒரு டூபாவிலிருந்து அதை எடுத்தாள். நீளமான, பாதியில் வளைந்த குழாய். வளைவுக்குக் கீழே பெருவிரல் அழுத்தியது போல ஒரு நெளிவு. அண்ணன் அதை வாயில் வைத்து ஒரு முறை ஊதினான், கண்ணை மூடிக்கொண்டான். "இதாண்டி. இத்தனை வருஷமா நான் தேடின சத்தம் இதாண்டி" என்றான். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. அன்று வெள்ளிக்கிழமை.

பழைய குழாயை அப்படியே பூட்டக் கூடாது. வெந்நீரில் சோப்புப் போட்டு ஊற வைத்து, நீளத் தூரிகை விட்டுத் தேய்த்து, பிறகு அமிலத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் ஆகும். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்தவள் அவள். சொந்த அண்ணனுக்குத்தான் செய்யவில்லை. வெளிப்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்த்தாள். உள்ளே ஒரு துணியைக் கட்டி இழுத்தாள். வளைவில் சிக்கிக்கொண்டது. வந்த வழியே பின்னால் இழுத்தாள். துணியில் பச்சையாக, ஈரமாக என்னவோ ஒட்டியிருந்தது. துணியைக் குப்பையில் போட்டாள். கச்சேரி முடியட்டும், திங்கட்கிழமை வாங்கி ஊறப்போட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. அண்ணன் அந்தக் குழாயைக் கழற்றவே இல்லை. மற்ற இரண்டும் பெட்டியில் தூங்க, நாள் தவறாமல் அதையே ஊதினான். ஊதுகிறவன் அடுத்த மூச்சை எங்கிருந்து இழுப்பான்? பாதி வாய் அந்தக் குழாயின்மேல் இருக்கும்போதே இழுப்பான்.

ஒரு வருஷத்தில் இருமல் வந்தது. பிறகு மாடிப்படியில் நின்று நின்று ஏறுவது. மருத்துவமனைக்கு அவனோடு போனவள் அவள்தான். "நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாயிட்டு வருது. எதையோ தொடர்ந்து மூச்சுல இழுத்திருக்கீங்க. வீட்ல புறா வளக்கறீங்களா? பூஞ்சை புடிச்ச சுவர், பழைய சாமான், ஏதாவது?" என்று டாக்டர் கேட்டார்.

"புறாவா? நான் ஊதற சத்தத்துக்கு எங்க தெருவுலயே புறா தங்காது டாக்டர்" என்றான் அண்ணன்.

பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பச்சைத் துணி ஞாபகத்துக்கு வந்தது. அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. கேட்டால்தானே சொல்வார்கள்? அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை அண்ணனிடம் போய் நின்றாள். "அந்தக் குழாயக் கழட்டிக் குடுண்ணா, சுத்தம் பண்ணித் தரேன்." ஏன் என்று சொல்லவில்லை. மூன்று தடவையும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். "சுத்தம் பண்ணா சத்தம் போயிடும்டி. உள்ள படிஞ்சிருக்கற கசடுலதான் ருசியே இருக்கு." ஊதுகிறவர்கள் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. அவள் வற்புறுத்தவில்லை. அவன் மறுத்ததும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது, அந்தக் கேவலத்தையும் சொல்லத்தான் வேண்டும். கழற்றிக் கொடுத்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டுமே.

இப்போது பார்த்தாக வேண்டும். இரண்டாவது கொக்கியை நீக்கிப் பெட்டியைத் திறந்தாள். டூபா மல்லாந்து கிடந்தது. முன்குழாய் அதனிடத்தில் பூட்டியபடி இருந்தது. அதே வளைவு, வளைவுக்குக் கீழே அதே நெளிவு.

கதவு திறந்தது. பாப்பா வந்தாள். பாப்பா என்பது வீட்டில் வைத்த பேர். வயது இருபத்திரண்டு. அதே பேண்டில் சின்ன வாத்தியம் ஊதுகிறாள். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். கட்டிலில் வந்து உட்கார்ந்து, இருமினாள். லேத்துக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தன நாளா இருமற?"

"எத்தன நாளா? தெரியல அத்தை. தொண்டை கட்டிருக்கு. அழுது அழுது."

"இந்தா, இன்னிக்கு இந்தக் குழாய் வேணாம். குறுகலானது ஒண்ணு இருக்கில்ல, அதப் பூட்டித் தரேன். உனக்கு மூச்சு கம்மியா போதும்."

"ஐயோ, வேணாம் அத்தை. எனக்கு இதுதான் பழக்கம்."

"பழக்கமா?"

"அப்பாவால ஊத முடியாம போனதுலேர்ந்து நான்தானே ஊதிட்டிருக்கேன். ஆறு மாசமா. தினமும் சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து. அவரு படுத்தபடியே கேப்பாரு. இனிமே பேண்டுல டூபா நான்தான்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம். ஒவ்வொரு சாயங்காலமும். லேத்துக்காரி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் அவள் பயந்தது, இந்தப் பெண் இன்றைக்கு ஒரு பாட்டு ஊதிவிடுவாளே என்று. விஷயம் அந்த இடத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டிருந்தது. பாப்பாவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அண்ணனுக்கும் முதலில் வெறும் இருமல்தான்.

"வேணாம்னா வேணாம்!" என்று கத்திவிட்டாள். கூடத்தில் பேச்சுச் சத்தம் நின்றது.

"என்னாச்சு அத்தை? ஏன் இப்படிக் கத்தறீங்க?"

தன் மானம் பெரிதா, இந்தப் பெண் மூச்சு பெரிதா என்று ஒரு கணம் அவள் மனசு கணக்குப் போட்டது உண்மை. அந்தக் கணக்குப் போட்டதற்காகவே தன்னைச் செருப்பால் அடிக்கலாம் என்று தோன்றியது.

"இதுக்குள்ள பூஞ்சை இருக்குடா" என்றாள். "பழைய குழாய். நான் கழுவாமலே பூட்டிக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை கச்சேரின்னு அவசரம். துணியில பச்சையா வந்துச்சு, பாத்தேன், பாத்துட்டும் பூட்டினேன். உங்கப்பாவுக்கு நெஞ்சு கெட்டது இதனாலதான்னு நினைக்கறேன். டாக்டர் கேட்டப்ப நான் பக்கத்துலயே இருந்தேன். வாயத் தொறக்கல. பயந்துட்டேன். நாளைக்கே உன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இப்ப இதக் கழட்டிக் காட்டறேன், நீயே பாரு."

பாப்பா தன் கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். அத்தையைப் பார்க்காமல் டூபாவைப் பார்த்தாள்.

லேத்துக்காரி டூபாவைத் தூக்கிக் கட்டிலில் வாய் கவிழ வைத்தாள். முழங்காலால் அணைத்துக்கொண்டு, வால்வுக்குப் பக்கத்துத் திருகைப் பிடித்தாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. குழாயை ஏந்திக்கொள்ள இடது கை தானாகக் கீழே போனது.

குழாய் கையில் விழவில்லை.

அழுக்கு இறுகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. வெண்ணெயாகச் சுழன்றது. நாலாவது சுற்று. அதற்கும் வரவில்லை. ஐந்தாவது சுற்றில்தான் கழன்றது.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருகைப் பார்த்தாள். நெருக்கமாக, ஒழுங்காக, நல்ல கைக்காரன் வெட்டிய திருகு. ஆனால் நீளம் அதிகம். தொடக்கத்து அரைச் சுற்றை அவள் எப்போதும் அரத்தால் ராவி மழுக்குவாள், சரியாகக் கவ்வுவதற்காக. இதில் அது இல்லை. இது அவள் கை இல்லை.

உள்ளே பார்த்தாள். இரண்டு முனையும் சுத்தம். பாப்பாவின் கைக்குட்டையை வாங்கி, கயிற்றில் கட்டி, உள்ளே விட்டு இழுத்தாள். வளைவில் சிக்காமல் வந்தது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான்.

"எங்க அத்தை பூஞ்சை?"

"இது அது இல்ல." வளைவுக்குக் கீழே இருந்த நெளிவைத் தடவினாள். சுத்தியலின் தழும்பு விரலில் பட்டது. புதுக் குழாயில் யாரோ வேண்டுமென்றே அடித்து உண்டாக்கிய நெளிவு. "இது அது இல்லவே இல்ல. அது எங்க?"

"அத உன் அண்ணன் அறுத்துட்டாரு."

அண்ணி கதவுக்குள் நின்றிருந்தாள். லேத்துக்காரி போட்ட கத்தலுக்கு வந்தவள். எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகம் அழுது ஓய்ந்து வெளுத்திருந்தது. கதவைத் தன் பின்னால் சாத்தினாள்.

"டாக்டர் கேட்டாருல்ல, அன்னிக்கு சாயங்காலமே. சாப்பாட்டு மேசையில வெச்சு, ரம்பத்தால நீட்டுவாக்குல ரெண்டா அறுத்தாரு. உள்ள பச்சையும் கறுப்புமா, ஐயோ, நான் சாப்பிடவே இல்ல ரெண்டு நாளு. பையில சுத்தி டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினோம். அவரு பாத்துட்டு, இதுதான்னாரு. இனிமே நிறுத்தினாலும் நுரையீரல்ல விழுந்த தழும்பு போகாதுன்னாரு."

லேத்துக்காரிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பாப்பா ஊதியது சுத்தமான குழாய். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை, வெறும் தொண்டைக்கட்டு. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் 'இதுதான்னாரு' என்ற சொல் உள்ளே இறங்கியது.

"ஊருக்கு அந்தக் கோடியில ஒரு பட்டறையில புதுசு செய்ய வெச்சாரு. பாக்க அச்சு அசலா உன்னுது மாதிரியே இருக்கணும்னு மூணு தடவ திருப்பிக் குடுத்தாரு. அந்த நெளிவக்கூட அடிக்கச் சொன்னாரு. உன் மூணு சுத்து மட்டும் அந்தப் பட்டறைக்காரனுக்கு வரல. உங்களுக்கென்ன பைத்தியமான்னு அவன் கேட்டானாம்."

"ஏன் அண்ணி?"

"ஏனா? நீ கழட்டிக் குடு, கழட்டிக் குடுன்னு வந்து நின்னல்ல? ஒவ்வொரு தடவையும் மனுஷன் நடுங்கிட்டாரு. சத்தம் போயிடும், கசடுல ருசின்னு ஏதோ வாய்க்கு வந்தத சொல்லி அனுப்பினாரு. அவ கழட்டினா சுத்து எண்ணியே கண்டுபிடிச்சிடுவா, அவளுக்குத் தெரியவே கூடாதுன்னாரு. 'அவ பயந்தாங்கொள்ளி. தெரிஞ்சா ராத்திரி தூங்க மாட்டா, காலையில அந்த லேத்துல போய் நிப்பா. கை ஒரு தடவ நடுங்கினா லேத்து விரலத் தின்னுடும்'னாரு. சாகற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு." அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "யார் சாகற வரைக்கும்னு சொல்லல."

பாப்பா, "அம்மா" என்றாள்.

"நீ சும்மா இரு. நான் அவரு அளவுக்கு நல்லவ இல்ல. ஒரு வருஷமா இவ இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் டீ போட்டுக் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரைக்கும் வரும். பாவம், ஒண்ணும் தெரியாம செஞ்சிருக்கான்னு முழுங்கிப்பேன்." அண்ணி குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். "இப்ப வெளிய நின்னு கேட்டேன். உனக்குத் தெரிஞ்சிருக்கு."

லேத்துக்காரி கையிலிருந்த குழாயைத் தரையில் வைத்தாள்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல."

"பயமா இருந்துச்சு அண்ணி."

"அவருக்கு அது தெரியாது. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுட்டே போயிட்டாரு." அண்ணி நிமிர்ந்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அதுவாவது நல்லதாப் போச்சு. எழுந்திரு. அதப் பூட்டு, நேரமாச்சு."

பூட்டினாள். ஐந்து சுற்று. கை நடுங்கியதில் இரண்டு தடவை தவறிப்போய், பாப்பா வந்து டூபாவைப் பிடித்துக்கொண்டாள். லேத்துக்காரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இடுகாட்டில் வெட்டிப் போட்ட மண் இளகிக் கிடந்தது. பாப்பாவுக்காகக் கொண்டுவந்த நாற்காலியின் கால்கள் அதில் புதைந்து சாய்ந்தன. நாற்காலியை எடுத்துவிட்டு நின்றபடியே ஊதுகிறேன் என்றாள் பாப்பா. அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு ஊத முடியாது என்று மாஸ்டர் தலையாட்டினார். பேண்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் அவரவர் வாத்தியம்.

லேத்துக்காரி போய் பாப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். டூபாவின் அடிவளைவுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். பாப்பா கொஞ்சம் தயங்கினாள். குழிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அண்ணி சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாப்பா கனத்தை மெல்ல அந்தக் கைகளில் இறக்கினாள்.

மாஸ்டர் கையைத் தூக்கினார். தலைக்கு மேலே பாப்பா மூச்சை இழுப்பது கேட்டது, நீளமாக, தடங்கலில்லாமல். முதல் சுரம் குழாய்களில் இறங்கி வந்து லேத்துக்காரியின் முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

பாட்டு பாதியைத் தாண்டியபோது, உள்ளே ஊதிய மூச்செல்லாம் குளிர்ந்து நீராகி, அடிவளைவில் இருக்கும் சின்ன வடிகால் மூடியின் இடுக்கில் கசிந்தது. ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. குனிந்து பார்த்தாள். நிறமே இல்லாத தண்ணீர். இன்னொரு சொட்டு விழுந்து சட்டைக் கைக்குள் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.